பாயைக் குறைக்கும் வேளை

வைகாசி மாதம் பிறந்ததும் இலங்கையின் வட கரையிலும் மேற்குக் கரையிலும் காற்றின் போக்கு மாறிவிடுகின்றது. சித்திரையில் அங்குமிங்குமாகத் தளர்ந்து வீசிய காற்று தென்மேற்கிலே நிலைகொண்டு, நாளுக்கு நாள் வலுத்து, யூன், யூலை, ஆகஸ்ட் மாதங்களிற் கடலை ஓயாது கலக்குகின்றது. யாழ்ப்பாணத்தார் இதனைச் சோளகக் காற்று என்பர். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து குளிருடன் வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். காற்றுக்கு இவ்வாறு தனித்தனிப் பெயரிட்டு வழங்கிய மக்களுக்கு ஒவ்வொரு காற்றின் காலமும் குணமும், அது வீசும்போது போகத்தக்க கடலும் போகத்தகாத கடலும் அப்பெயருள்ளேயே அடங்கியிருந்தன.

கரையோரக் கடலிலே பலத்த காற்று வீசும்போது சிறு பாய்ப்படகு ஒன்று எவ்வாறு தப்பிக் கரைசேர்கின்றது என்ற கேள்விக்குப் பலர் பலவாறு விடை கூறுவர். படகின் உறுதி என்பார் சிலர். மாலுமியின் தோள்வலி என்பார் வேறு சிலர். இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் கடலிற் பழகியவர்களை வினவினால் அவர்கள் முதலிற் சொல்வது வேறொன்று. பாயை எப்போது குறைப்பது என்று அறிந்து, அந்த வேளையிலே குறைத்துவிடுவதுதான் அது. குறைக்கும் முறையைச் சில நாளிற் கற்றுக்கொள்ளலாம். குறைக்கும் வேளையை அறிவதற்கே நீண்ட காலம் வேண்டும்.

இதற்குக் காரணம் காற்றின் இயல்பிலேயே அமைந்துள்ளது. காற்றின் வேகம் இரு மடங்காகும்போது அது பாயின்மேற் செலுத்தும் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. வேகம் மும்மடங்காயின் விசை ஒன்பது மடங்கு. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசும் இனிய காற்றிலே முழுப்பாயையும் விரித்து ஒரு வள்ளம் செல்கின்றதென்று கொள்வோர், அதே காற்று 20 கடல் மைலாக ஏறும்போது நிகழ்வதை எண்ணிப்பார்க்கலாம். பாயின் பரப்பைப் பாதியாகக் குறைத்தாலும், வள்ளத்தைச் சாய்க்கும் விசை முன்னிருந்ததைப் போல் இரு மடங்காகவே நிற்கும். ஆகவே காற்று சற்றுத்தானே ஏறியிருக்கின்றது என்று கண்ணும் காதும் கூறும்போது, பாய்மரமும் கயிறும் தாங்கும் சுமை மிகப் பெரிதாக ஏறிவிடுகின்றது. மனிதனுடைய புலன்கள் இந்தக் கணக்கிற் பின்தங்கிவிடுகின்றன. அவன் ஆபத்தை உணரும்போது ஆபத்து அவனைக் கடந்து சென்றிருக்கும்.

இக்கணக்கு எழுத்தில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கடலோடிகள் காற்றை அளந்து வந்தனர். அவர்களிடம் இருந்த அளவுகோல் படகுதான். இங்கிலாந்துக் கடற்படை அதிகாரியாகிய பிரான்சிஸ் போபோட் என்பவர் 1806ஆம் ஆண்டில் தம் குறிப்பேட்டிலே காற்றின் வலிமையைப் படிப்படியாக வகுத்து எழுதினார். 1838ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இன்று வானிலை அறிக்கைகளில் வழங்கும் போபோட் அளவு அதிலிருந்து வளர்ந்ததே. 0 முதல் 12 வரை படிகள் கொண்ட அத்திட்டம், போர்க்கப்பல் ஒன்று எத்தனை பாய்களை விரித்துச் செல்ல இயலும் என்பதைக் கொண்டே அன்று காற்றை அளந்தது. எந்தப் பாயும் தாங்காத காற்றே பன்னிரண்டாம் படி.

இதே அறிவு இலங்கையின் மேற்குக் கரையிலும் வேறோர் உருவில் வழங்கியது. நீர்கொழும்புப் பகுதியில் மீன்பிடிக்கும் சிங்கள மக்கள் 'ஒருவ' என்று அழைக்கும் பாய் வள்ளம் மிகவும் ஒடுங்கியது. அதன் ஒரு பக்கத்தில், இரண்டு வளைந்த கொம்புகளின் நுனியில், ஒரு மிதவை மரம் பிணைக்கப்பட்டிருக்கும். அந்த மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். காற்று வலுத்து மிதவை நீரை விட்டு மேலெழத் தொடங்கினால், மாலுமி ஒருவர் அக்கொம்பின்மீது ஏறிச்சென்று தம் உடலின் பாரத்தால் அதனைத் தாழ்த்துவார். இன்னும் வலுத்தால் இரண்டாமவரும் செல்வார். இதனாற் காற்றை 'ஒராள் காற்று', 'ஈராள் காற்று' என்று ஆட்கணக்கிற் குறிப்பிடும் வழக்கம் இருந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கைக்கு வந்த பயணிகள் எழுதியுள்ளனர். பாக்கு விரிகுடாவிற் சென்ற சில தோணிகளில் வேறொரு முறை இருந்தது. தோணியின் குறுக்கே நீண்ட பலகையொன்றை வைத்து, காற்றுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுனியில் ஆட்கள் உட்காருவர். இந்தியக் கடலோரக் கலங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னல் இம்முறையை விரிவாக எழுதிவைத்துள்ளார்.

இங்கிலாந்து அதிகாரி பாயை எண்ணினார். நீர்கொழும்பு மீனவர் ஆளை எண்ணினார். இருவரும் அறிய விரும்பியது ஒன்றையே. இந்தக் காற்றிலே இந்தக் கலம் எவ்வளவு தாங்கும் என்பதே அது. ஆட்கள் அனைவரும் கொம்பின்மேற் சென்றபின்னும் மிதவை எழுகின்றதென்றால் அதற்கு மேல் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. பாயை இறக்கவேண்டியதுதான்.

பாயைக் குறைக்கும் முறை கலத்துக்குக் கலம் வேறுபடும். சில பாய்களின் அடிப்பகுதியில் வரிசையாகச் சிறு கயிறுகள் தைக்கப்பட்டிருக்கும். ஆஞ்சான் என்னும் தூக்குகயிற்றைத் தளர்த்திப் பாயைச் சற்றே இறக்கி, அடிப்பகுதியைச் சுருட்டி, அக்கயிறுகளால் முடிந்துவிடுவர். சில வள்ளங்களிற் பெரிய பாயை முழுவதும் இறக்கிவிட்டுச் சிறிய பாயொன்றை ஏற்றுவர். எம்முறையாயினும் பயன் இரண்டு. காற்றுப் படும் பரப்புக் குறைகின்றது. அக்காற்றின் விசை தாக்கும் இடமும் தாழ்கின்றது. உயரத்தில் தாக்கும் விசையே படகை அதிகம் சாய்ப்பதாதலால் இரண்டாவது பயன் முதலாவதற்குக் குறைந்ததன்று.

பாய் குறைத்தபின்னும் கை ஓய்ந்திருக்க இடமில்லை. பாயின் பின்மூலையைப் பிடித்திழுக்கும் தாமான் என்னும் கயிறு எப்போதும் கையில் இருக்கவேண்டும். அல்லது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சில் இருக்கவேண்டும். கரையோரத்துப் பலத்த காற்று ஒரே சீராக வீசுவதில்லை. விட்டுவிட்டுத் திடீர் வீச்சாக வரும். வீச்சு வந்து மோதும்போது தாமானைத் தளர்த்தினாற் பாய் காற்றைச் சொரிந்துவிடும், படகு நிமிரும். தாமானை இறுக்கிக் கட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருக்கும்போது வந்த ஒரு வீச்சினாற் கவிழ்ந்த படகுகள் எந்தக் கரையிலும் உண்டு.

மாலுமியை மிகவும் ஏமாற்றுவது பின்புறமாக வரும் காற்று. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சோளகக் காலத்தில் வரும் ஒரு பாய் வள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். நெடுந்தீவு தென்மேற்கே இருப்பதால் வரும்போது காற்று முதுகுப்புறத்தில் இருக்கும். காற்று மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வீசுகின்றது. வள்ளம் 6 கடல் மைல் வேகத்தில் அதே திசையிற் செல்கின்றது. வள்ளத்தில் இருப்பவர் மேல் படும் காற்று 14 கடல் மைல் மட்டுமே. வெயில் இதமாக இருக்கும். நீர் தெறிப்பதும் குறைவு. பயணம் சுகமாகவே தோன்றும். அலுவல் முடிந்து அதே வள்ளம் நெடுந்தீவுக்குத் திரும்பும்போது நிலைமை தலைகீழாகின்றது. முன்னே கழிக்கப்பட்ட வேகம் இப்போது கூட்டப்படுகின்றது. காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்ப்படகும் செல்லாது. இடமும் வலமுமாக மாறிமாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும். இதனால் வழியின் நீளம் ஒன்றரை மடங்காகவும் அதற்கு மேலாகவும் கூடுகின்றது. அலையும் அணியத்தில் வந்து அறைகின்றது. போகும்போது ஒரு மணி நேரத்திற் கடந்த கடல், திரும்பும்போது பொழுது சாய்ந்தபின்னும் முடிவதில்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத் திருவிழா ஆனி மாதத்தில், இந்தச் சோளகம் வீசும் காலத்திலேயே நிகழ்வது. இயந்திரப் படகுகள் வருவதற்கு முன் அடியார்களை ஏற்றிச்சென்ற பாய்த்தோணிக்காரர் இக்கணக்கை நன்கு அறிந்திருக்கவேண்டியவராயினர். போகும் வழியை மட்டும் எண்ணாது திரும்பும் வழியையும் எண்ணியே அவர் பாய் விரிக்கவேண்டியிருந்தது. பின்காற்றிற் செல்பவர் அவ்வப்போது திரும்பி நின்று முகத்திற் காற்றை ஏற்றுப் பார்க்கவேண்டும் என்று சொல்வதன் கருத்தும் இதுவே.

பின்காற்றுக்கு மற்றுமோர் அபாயம் உண்டு. சுக்கான் சற்றே தவறினாற் காற்று பாயின் மறுபக்கத்திற் புகுந்து, பாயையும் அதனைத் தாங்கும் பருமலையும் ஒரு நொடியில் மறுபுறம் வீசிவிடும். அதன் வழியில் நிற்பவர் கடலில் வீழ்வார். பாய்மரம் முறிவதும் உண்டு. ஆதலாற் பலத்த காற்றில் திசை மாறவேண்டியவர் பாயை முதலில் இறக்கிவிட்டுத் திரும்பியபின் ஏற்றுவது நேரம் பிடித்தாலும் பாதுகாப்பான வழி.

கரையை அடுத்த கடலிற் காற்று நடுக்கடலிற் போல் இருப்பதில்லை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதாற் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று செல்லும். விடியுமுன் நிலக்காற்றிற் சென்று பகலிற் கடற்காற்றில் திரும்புவது பாய் வள்ளத்து மீனவரின் பழைய ஒழுங்கு. மேற்குக் கரையிலோ தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்திற் பிற்பகலில் இக்கடற்காற்று அதனோடு சேர்ந்துகொள்கின்றது. காலையில் அடக்கமாக இருந்த காற்று பிற்பகலில் அடங்காததாகின்றது.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று மற்றொரு வகையில் ஏமாற்றும். கரையருகே மரங்களும் மேடுகளும் மறைப்பதால் நீர் கண்ணாடி போல் இருக்கும். கரையில் நிற்பவருக்குக் கடல் அமைதியாகவே தெரியும். படகு அப்பால் செல்லச் செல்லக் காற்றும் அலையும் ஏறும். திரும்ப எண்ணும்போது காற்று எதிரே நிற்கும். கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்றோ படகைப் பாறையிலும் மேட்டிலும் கொண்டுபோய் மோதிவிடும். பலத்த காற்றிலே கடலின் ஆழத்தைவிடக் கரையின் அண்மைக்கே தேர்ந்த மாலுமி அதிகம் அஞ்சுவார். ஒதுங்கி நிற்க இடமிருக்கும்போது நேரம் அவருக்கு உதவும். காற்றுப் போகும் பக்கத்தில் கரை இருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு எதிராகும்.

வடகடலுக்கு இன்னும் ஓர் இயல்பு உண்டு. தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் இடையே உள்ள திறப்பிற் பருவக்காற்று நெருங்கிப் பாய்வதால் மன்னார்ப் பகுதியில் அது பெரிதும் வலுக்கின்றது. பாக்கு விரிகுடாவின் ஆழமோ பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்டது. ஆழமற்ற நீரில் எழும் அலை நீண்டு உருளுவதில்லை. குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். ஓர் அலையிலிருந்து படகு நிமிருமுன் அடுத்தது வந்து அறையும். உயரத்தைக் கொண்டு மட்டும் அலையை மதிப்பவர் இக்கடலில் தவறிழைப்பர்.

காற்று ஏறுவதைக் கடல் முன்கூட்டியே காட்டுகின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றினாற் காற்று போபோட் அளவில் மூன்றாம் படி. நுரைத்தலைகள் அடிக்கடி தெரிந்தால் நான்காம் படி. மணிக்கு 11 முதல் 16 வரை கடல் மைல். திறந்த சிறு படகொன்றிற் பாயைக் குறைப்பதை எண்ணவேண்டிய வேளை இதுவே. எங்கும் நுரை பரந்து பெரிய அலைகள் உருவாகத் தொடங்கும் ஆறாம் படியில் அத்தகைய படகு கரையை விட்டுப் புறப்படுதல் தகாது. கருமேகத்தின் கீழே கடல்மேல் ஒரு வெண்கோடு விரைந்து வருவதும், வெப்பமான பகலிலே திடீரெனக் குளிர்காற்று முகத்தில் தட்டுவதும் உடனே பாயை இறக்கவேண்டும் என்பதற்கு அறிகுறிகள். அந்த வெண்கோடு வந்து சேர்வதற்குச் சில நிமிடங்களே இருக்கும்.

உலகத்தைத் தனியாகப் பாய்ப்படகிற் சுற்றிவந்த முதல் மனிதர் யோசுவா ஸ்லோக்கம். 37 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள 'ஸ்பிறே' என்னும் படகில் 1895ஆம் ஆண்டு புறப்பட்டு 1898ஆம் ஆண்டு மீண்டார். 1896ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பற்றகோனியாக் கரையோரமாகச் செல்லும்போது மாபெரும் அலையொன்று எழுந்து வருவதைக் கண்டார். அவருக்குக் கிடைத்தது ஒரு கணமே. அந்தக் கணத்தில் அவர் பாய்கள் அனைத்தையும் இறக்கினார்; அதன்பின் பாய்க்கயிற்றைப் பற்றி மேலேறிக்கொண்டார். அலை படகு முழுவதையும் மூடிச்சென்றது. படகு மீண்டும் எழுந்தது. உயிருக்குப் புகலிடம் தேடுமுன் அவர் கை பாய்க்கயிற்றுக்கே சென்றது என்பது கவனிக்கத்தக்கது. அது அக்கணத்தில் எண்ணிச் செய்த செயலாக இருக்க முடியாது. பல்லாண்டுப் பழக்கம் செய்த செயல்.

பாய் முழுவதையும் இறக்கியபின்னும் காற்று ஓயாவிட்டால் மாலுமி செய்யக்கூடியவை உள. நீரை இழுக்கும் பை போன்ற மிதவை நங்கூரத்தையோ, கூடை முதலியவற்றைப் பிணைத்த நீண்ட கயிற்றையோ அணியத்திலிருந்து விட்டால் படகின் தலை காற்றை நோக்கி நிற்கும். பக்கவாட்டில் அலை மோதாது. உட்புகும் நீரை இடையறாது இறைக்கவேண்டும். ஒரு வாளி நீர் ஏறத்தாழ 10 கிலோகிராம். இருபது வாளி நீர் படகினுள் நின்றால் அது மூன்று ஆட்களின் பாரத்துக்கு மேலாகும். அது ஓரிடத்தில் நிற்பதுமில்லை. படகு எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே ஓடிச் சாய்வைப் பெருக்கும்.

படகு கவிழ்ந்தாலும் அதனை விட்டுப் பிரியலாகாது. மரப்படகு கவிழ்ந்தும் மிதக்கும். தேடி வருபவர் கண்ணுக்கு மனிதத் தலையைவிடப் படகே விரைவிற் புலப்படும். கரை அண்மையில் தெரிகின்றதென்று நீந்தத் துணிபவர் அத்தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுவர். பெரிய படகுகளுக்கும் இது பொருந்தும். 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்தின் தென்பாலுள்ள பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிவரும் போட்டியிற் கலந்துகொண்ட 303 பாய்ப்படகுகளைக் கடும்புயல் தாக்கியது. போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தோர் கைவிட்டனர். கைவிடப்பட்டவற்றுள் மூழ்கியவை ஐந்தே. ஏனைய பத்தொன்பதும் பின்னர் மிதந்தவாறு காணப்பட்டன. படகை நீங்கி மிதவைகளிற் புகுந்தவருட் சிலர் மாண்டனர். அவர் நீங்கிய படகு மாளவில்லை.

இன்று இலங்கைக் கரைகளில் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளே பெரும்பான்மை. பாய் விரித்துச் செல்லும் வள்ளங்கள் அருகிவிட்டன. ஆயினும் இயந்திரம் நின்ற படகு, பாயில்லாத பாய்ப்படகைவிட மோசமான நிலையிலே காற்றின் கையிற் கிடக்கின்றது. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்குக் காற்றின் வேகத்தைக் கூறி எச்சரிக்கை விடுக்கின்றது. வானொலி அதனைக் கரையெங்கும் கொண்டுசெல்கின்றது. அந்த எச்சரிக்கை கேட்பவரிடத்தில் ஒரு முடிவாக மாறினாலன்றிப் பயன் தராது.

அம்முடிவு எளிதன்று. ஒரு நாட் பிடிப்பை இழந்தால் அன்றைய அடுப்பை எண்ணவேண்டிய வீடுகள் உண்டு. விரித்த வலையைக் கடலில் விட்டுவர மனம் வராது. அயல் வள்ளம் முழுப்பாயுடன் செல்லும்போது தன் பாயைச் சுருக்கினாற் பிறர் நகைப்பர் என்று எண்ணும் இளைஞரும் உண்டு. பெரும்பாலும் பாய் தாமதமாகக் குறைக்கப்படுவதற்குக் காரணம் அறியாமையன்று, இவையே. ஆகையாற்றான் பழைய தண்டையல்கள் இம்முடிவைக் கடலில் எடுக்க விடாது கரையிலேயே எடுத்துவிடுவர். நுரை இவ்வளவு கண்டாற் பாய் பாதி, மேகம் இத்திசையில் எழுந்தால் திரும்புதல் என்று புறப்படுமுன்பே வகுத்துக்கொள்வர். கடலிற் சென்றபின் அதனைப் பற்றி விவாதமில்லை.

பாயைக் குறைத்தபின் காற்று ஏறாதிருந்தால் இழப்பது அரை மணி நேரம். மறுபடியும் பாயை விரித்துக்கொள்ளலாம். குறைக்காதிருந்து காற்று ஏறிவிட்டால் இழப்பதைத் திரும்பப் பெற இயலாது. பாயைக் குறைக்கலாமா என்ற எண்ணம் முதன்முதல் மனத்தில் எழும் கணமே அதனைக் குறைக்கும் வேளை என்பது பல நாட்டுக் கடலோடிகளும் ஒருமித்துக் கூறும் விதி. அவ்வெண்ணம் எழுந்தபின்னும் சற்றுப் பொறுத்துப் பார்ப்பவருக்கு அடுத்த வீச்சு அவகாசம் தருவதில்லை.